அமெரிக்க ராணுவத்தில் ஆபீசர் ஆக: ரெக்ரூட்டரைப் பார்ப்பது முதல் கையெழுத்து வரை முழுமையான வழிகாட்டி

அக்கா மகன் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். "மாமா, இங்க கையெழுத்துப் போடலாம்னு சொல்றாங்க. அடுத்த வாரமே மெடிக்கலாம். போடவா?"

"ஆபீசராத்தானே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முதல்ல சேர்ந்துடு, உள்ள போயி ஆபீசருக்கு அப்ளை பண்ணிக்கலாம்னு சொல்றார் மாமா."

ஒன்றும் போடாதே, வீட்டுக்கு வா என்றேன். அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் சிப்பாயாகச் சேர்ந்திருப்பான். அவனிடம் பேசியவர் பொய் சொல்லவில்லை. சிப்பாயாகச் சேர்ந்து, பிறகு ஆபீசர் ஆனவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அது வேறு பாதை. எப்போது விண்ணப்பிக்க விடுவார்கள், மேலதிகாரி பரிந்துரைப்பாரா என்பதெல்லாம் உள்ளே போன பிறகு நம் கையில் இல்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு நேரடியாக ஆபீசராக விண்ணப்பிக்கும் கதவு திறந்திருக்கும்போது, தெரியாமல் அடுத்த கதவில் நுழையக் கூடாது. 14 மாதம் கழித்து அவன் வேறு ஒரு ரெக்ரூட்டர் மூலம் கடற்படை ஆபீசர் பயிற்சிக்குத் தேர்வானான். அந்த 14 மாதத்தில் நாங்கள் இருவரும் தடவித் தடவிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். டாக்டர் படிப்புக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் வழி சொல்ல நம் ஆட்களில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இதற்குக் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

ரெக்ரூட்டர் யார், அவருக்கு என்ன நெருக்கடி

கடைத்தெருவில் பீட்சா கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு ராணுவ அலுவலகம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு சார்ஜென்ட். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு உண்டு. 2022 நிதியாண்டில் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்தது. சேர்ந்தது சுமார் 45,000 பேர்தான். அந்த மாதிரி வருடத்தில் அழுத்தம் முழுவதும் கடைசியில் இந்த சார்ஜென்ட் தலையில்தான் வந்து விழும்.

ஒரு சிப்பாயைச் சேர்க்கும் வேலை சில வாரங்களில் முடியக்கூடியது. ஆபீசர் விண்ணப்பம் அப்படியில்லை. கட்டுக் கட்டாகக் காகிதம், மாதக்கணக்கில் அலைச்சல். கடைசியில் முடிவு அவர் கையிலும் இல்லை, தேர்வுக் குழுவின் கையில். அதனால் "முதலில் சேர்ந்துவிடு" என்று அவர் சொல்வது இயல்பு. கோபப்பட வேண்டியதில்லை. அவருடைய வேலை எது, உங்களுடைய வேலை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சரியான வாசலைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். ஒவ்வொரு படைக்கும் வாசல் வேறு.

தரைப்படையில் பட்டதாரிகள் அதே கடைத்தெரு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். '09எஸ்' என்ற பிரிவில், ஆபீசர் பயிற்சிக்கென்றே ஒப்பந்தம் எழுதுவார்கள். முதலில் 10 வாரம் எல்லோருடனும் சேர்ந்து அடிப்படைப் பயிற்சி. பிறகு ஜார்ஜியாவில் உள்ள ஃபோர்ட் பென்னிங்கில் 12 வாரம் ஆபீசர் கேண்டிடேட் ஸ்கூல். எல்லோரும் அதை ஓசிஎஸ் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பாதையில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: ஓசிஎஸ்ஸை முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. படைக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே சிப்பாயாக மிச்ச ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும்.

கடற்படையில் ஆபீசர்களுக்கென்றே தனி ரெக்ரூட்டர்கள் இருக்கிறார்கள். பயிற்சி ரோட் ஐலண்டில் நியூபோர்ட்டில். விமானப்படையிலும் தனி ஆபீசர் ரெக்ரூட்டர்கள்தான். ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒருவரே பல ஊர்களைப் பார்ப்பார், பக்கத்து மாநிலத்தில்கூட இருக்கலாம். அவர்களின் பயிற்சிப் பள்ளி அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் இருக்கிறது. விண்வெளிப் படைக்கும் அதே வழி.

மரீன் படையில் 'ஆபீசர் செலக்ஷன் ஆபீசர்' என்று ஒருவர் இருப்பார், வழக்கமாக ஒரு கேப்டன். பல்கலைக்கழகங்களை ஒட்டியே அவர் அலுவலகம் இருக்கும். சிப்பாய்களைச் சேர்க்கும் வேலை அவருக்குக் கிடையாது. அவர் உங்களிடம் முதலில் கேட்பது உடற்பயிற்சித் தேர்வு மதிப்பெண்தான். 3 மைல் ஓட்டம், புல் அப், பிளாங்க். 300-க்கு எவ்வளவு வாங்குகிறாய் என்பார். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் கோடை விடுமுறையில் வர்ஜீனியாவில் உள்ள குவாண்டிகோவில் பயிற்சி எடுக்கும் திட்டமும் அவரிடம் உண்டு. கடலோரக் காவல் படைக்கு கனெக்டிகட்டில் நியூ லண்டன்.

மருத்துவர், பல் மருத்துவர், நர்ஸ் ஆகியோருக்கு ஹெல்த்கேர் ரெக்ரூட்டர் என்று வேறு ஆட்கள். இதை நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு எச்பிஎஸ்பி என்ற உதவித்தொகை உண்டு. படிப்புச் செலவு முழுவதும், கூடவே மாதாமாதம் கைச்செலவுக்கும் பணம் தருவார்கள். பதிலுக்கு, உதவி வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் படையில் டாக்டராகப் பணி. கடைத்தெரு சார்ஜென்ட்டுக்கு இதன் விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்ஜினியரிங், இயற்பியல் பிள்ளைகளுக்குக் கடற்படையில் நியூபாக் என்று ஒன்று இருக்கிறது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான ஆபீசர் திட்டம். கல்லூரியில் படிக்கும்போதே மாதச் சம்பளம் வரும். வாஷிங்டனுக்கு அழைத்து நேர்காணல் வைப்பார்கள். கடைசி நேர்காணலை அந்தத் துறையின் அட்மிரலே நேரில் நடத்துவார்.

மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு முழுக்க வேறு அலுவலகம். அங்கே 'ஆபீசர் ஸ்ட்ரெங்த் மேனேஜர்' யார் என்று கேளுங்கள்.

பிள்ளை இன்னும் பள்ளியில் இருக்கிறானா? அப்படியானால் இந்தக் கட்டுரையே அவனுக்கு வேண்டாம். வெஸ்ட் பாயின்ட், அன்னபோலிஸ் போன்ற அகாடமிகளுக்கு காங்கிரஸ் உறுப்பினரிடம் நாமினேஷன் வாங்க வேண்டும். ஆர்ஓடிசி (கல்லூரிப் படிப்போடு சேர்ந்த ஆபீசர் பயிற்சி) என்றால் கல்லூரியில் உள்ள அந்தத் துறைக்கே போய்ப் பேசலாம். இரண்டுக்கும் ரெக்ரூட்டர் தேவையில்லை.

எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "எனக்குப் பட்டம் இருக்கிறது, ஆபீசர் பதவிக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கிறேன், ஆபீசர் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் யார்?" பணிவாக, ஆனால் தெளிவாக. எதிரில் பேசுபவரின் பதவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆபீசர் ரெக்ரூட்டராக சார்ஜென்ட்டும் இருக்கலாம். அவருடைய பொறுப்பு என்ன என்பதுதான் கேள்வி.

குடியுரிமை

ஆபீசர் ஆக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், சேவையின் மூலம் விரைவாகக் குடியுரிமையும் பெறலாம், பிறகு ஆபீசருக்கு முயலலாம். எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று இரண்டு கதவும் மூடியே இருக்கிறது. ஒரு காலத்தில் மாவ்னி என்ற திட்டம் இருந்தது. விசாவில் இருப்பவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்னமும் "தமிழ் தெரிந்தால் எடுப்பார்களாமே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

போவதற்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ் அல்லது குடியுரிமைச் சான்றிதழ், பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, ஓட்டுநர் உரிமம், படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்ட். கோடையில் ஒரே ஒரு பாடம் படித்த கம்யூனிட்டி காலேஜையும் விட வேண்டாம். அப்புறம் ஒரு பக்கத்தில் ரெஸ்யூமே. இவையெல்லாம் ஒரு ஃபோல்டரில் இருந்தாலே ரெக்ரூட்டரின் முகம் மாறும். வந்து போகும் நூறு பேரில் இவன் முடிப்பான் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் பெயர். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் கடைசிப் பெயர், இன்னொன்றில் வெறும் இனிஷியல், மூன்றாவதில் இரண்டும் சேர்த்து ஒரே சொல். எங்கள் பையனுக்கு டிரான்ஸ்கிரிப்டில் நடுப்பெயர் இருந்தது, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இல்லை. அதைச் சரிசெய்ய 5 வாரம் ஆனது. இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். எல்லாக் காகிதத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் பட்டம் வாங்கி, இங்கே குடியுரிமை பெற்றவர்கள் அந்தப் பட்டத்தை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் மதிப்பிட்டு அறிக்கை வாங்க வேண்டும். ஆண்களிடம் செலக்டிவ் சர்வீஸ் (கட்டாய ராணுவ சேவை தேவைப்பட்டால் அழைப்பதற்கான பட்டியல்) பதிவையும் கேட்பார்கள். 18 முதல் 25 வயதுக்குள் குடிமகனாகவோ கிரீன் கார்டோடோ இங்கே இருந்தவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த வயதில் முறையான மாணவர் விசாவிலோ எச்-1பி-யிலோ இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அப்படி இருந்ததைக் காட்டும் பழைய விசா, ஐ-94 நகல்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதல் சந்திப்பு

பெற்றோரும் கூடப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் பேச வேண்டியது பிள்ளைதான். நாளைக்கு நாற்பது பேரை வழிநடத்தப் போகிறவனுக்காக அம்மா பதில் சொன்னால் நன்றாக இருக்காது. நான் இரண்டாவது சந்திப்புக்குப் போனேன். மூலையில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்தேன்.

கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை ஆபீசர் விண்ணப்பங்களைப் போர்டுக்கு, அதாவது தேர்வுக் குழுவுக்கு, அனுப்பினீர்கள்? எத்தனை தேர்வாயின? அடுத்த போர்டு எந்தத் தேதி, அதற்கு எந்தத் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டும்? என் வயதுக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்த வேலைகள் திறந்திருக்கின்றன? வயது வரம்பு படைக்குப் படை, வேலைக்கு வேலை மாறும். இணையத்தில் பழைய எண்கள் நிறைய உலவுகின்றன. அவர் கையில் இருக்கும் நடப்பு அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். தேர்வாகாவிட்டால் என்ன ஆகும்? பயிற்சியில் தோற்றால் என்ன ஆகும்? எத்தனை வருடக் கடமை?

கடைசிக் கேள்விக்கு ஒரு விளக்கம். எந்த வழியில் முதன்முறையாகச் சேர்ந்தாலும் மொத்தக் கடமை பொதுவாக 8 வருடம். அதில் சில வருடங்கள் முழுநேரப் பணி, மிச்சம் ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் பட்டியலில். ரெக்ரூட்டர் "மூன்று வருடம்" "நான்கு வருடம்" என்று சொல்வது முழுநேரப் பகுதியை மட்டும்.

சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், பேசியதைச் சுருக்கி அவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று நேரம் கொடுத்ததற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்தவும்." இந்தப் பழக்கம் எங்களை இரண்டு முறை காப்பாற்றியது. நடுவில் ரெக்ரூட்டர் மாற்றலாகிப் போனார். புதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மின்னஞ்சல்களை அப்படியே அவருக்கு அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். ரெக்ரூட்டர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுவார்கள். விண்ணப்பத்தின் முழு நகல் எப்போதும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு

தரைப்படைக்கு ஏஎஸ்வாப். அதில் ஜிடி என்ற மதிப்பெண் 110-க்குக் குறையக் கூடாது. அது சொல்லறிவும் பத்தி வாசிப்பும் கணக்கும் சேர்ந்தது. கடற்படைக்கு ஓஏஆர், விமானிகளுக்கு அதன் முழு வடிவமான ஏஎஸ்டிபி. அதை வாழ்நாளில் 3 முறைக்கு மேல் எழுத முடியாது. விமானப்படைக்கு ஏஎஃப்ஓக்யூடி, அதற்கும் கட்டுப்பாடு உண்டு. "சும்மா ஒரு முறை எழுதிப் பார், எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம்" என்று ரெக்ரூட்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 6 வாரம் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தேதி வாங்குங்கள். கணக்கில் கெட்டியான பிள்ளைகள்கூட இயந்திரவியல் பகுதியில் தடுமாறுவார்கள். கப்பி, நெம்புகோல், பல்சக்கரம் எல்லாம் பள்ளியோடு மறந்துபோயிருக்கும்.

மெடிக்கல்: அம்மாக்கள் படிக்க வேண்டிய பகுதி

மருத்துவப் பரிசோதனை நடக்கும் இடத்துக்கு மெப்ஸ் என்று பெயர். நாடு முழுவதும் 65 இருக்கின்றன. வழக்கமாக முந்தைய இரவு ஓட்டலில் தங்க வைத்து, விடியும் முன்பே அழைத்துப் போவார்கள். ரத்தம், சிறுநீர், கண், காது, மூட்டு எல்லாம் பார்ப்பார்கள். குந்தி உட்கார்ந்தபடி வாத்து மாதிரி நடக்கச் சொல்வார்கள்.

அதற்கு முன்பே மருத்துவ வரலாறு கேட்டு ஒரு படிவம் வரும். அங்கேதான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. பையனுக்கு 11 வயதில் சளி முற்றி வீசிங் வந்தபோது டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தார். இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. "அதெல்லாம் எதுக்குச் சொல்லணும்? எப்பவோ நடந்தது" என்றாள் அக்கா. அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் 2022 முதல் மெப்ஸ் மருத்துவர்கள் ஜெனிசிஸ் என்ற கணினி அமைப்பு வழியாக விண்ணப்பதாரரின் பழைய மருத்துவமனை, மருந்துக்கடைப் பதிவுகளைப் பார்க்க முடிகிறது. மறைத்தது அங்கே தெரிந்தால், இன்ஹேலரை விட அந்த மறைப்புதான் பெரிய குற்றம். பொய் சொல்லிச் சேர்வது ராணுவச் சட்டத்தில் தண்டனைக்குரியது. எந்த ரெக்ரூட்டராவது "இல்லை என்று போட்டுவிடு" என்று சொன்னால், அன்றே வேறு ரெக்ரூட்டரைத் தேடுங்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார். கையெழுத்து உங்களுடையது.

விதியைப் படித்தபோதுதான் தெரிந்தது: 13-வது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்தால்தான் தகுதியின்மை. அதற்கும்கூட வேவர் என்ற விதிவிலக்கு கேட்க வழி இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் பழைய குறிப்புகளின் நகலும் ஒரு கடிதமும் வாங்கி வைத்தோம். நுரையீரல் திறன் பரிசோதனை ஒன்று கூடுதலாகச் செய்தார்கள், தேறிவிட்டான். அன்றைக்கு அக்கா அழுதாள். பெற்றவள் மறைக்க நினைத்ததைப் பிள்ளை எழுதி வென்றான் என்று பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இன்னும் இரண்டு விஷயம். விடுமுறைக்கு சென்னை போகும்போது அப்படியே லேசிக் செய்துகொண்டு வருவது நம்மிடையே வழக்கம். அறுவை முடிந்து 180 நாள் ஆகாமல் மெப்ஸ் தேறாது. அறுவைக்கு முன் கண் பவர் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் கேட்பார்கள். விமானி ஆக நினைப்பவர்களுக்கு எந்த வகை அறுவை என்பதிலும் தனி விதிகள் உண்டு. ரெக்ரூட்டரிடம் கேட்காமல் கண்ணில் கை வைக்க வேண்டாம். இந்தியாவில் எந்த அறுவை செய்திருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி வாருங்கள். பல்லில் கம்பி போட்டிருந்தால் அந்தச் சிகிச்சையும் முடிய வேண்டும்.

எஸ்எஃப்-86: நம் குடும்பங்களுக்கு நீளமான படிவம்

ஆபீசருக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான அனுமதி) கட்டாயம். அதற்கான படிவம் எஸ்எஃப்-86. 10 வருடம் எங்கெங்கே குடியிருந்தீர்கள், 7 வருடத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள், வெளிநாட்டில் யாருடன் நெருங்கிய தொடர்பு, வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ உண்டா, எல்லாம் கேட்கும்.

இந்தியாவில் உறவினர் இருப்பதால் கிளியரன்ஸ் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. உறவு இருப்பதைப் பற்றி யாரும் குறை சொல்லப் போவதில்லை, விட்டுவிட்டால்தான் கேள்வி வரும். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று உறவினர் பகுதியில் எழுத வேண்டியவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கக் குடிமக்களாகிவிட்ட பெற்றோரின் குடியுரிமைச் சான்றிதழ் எண்ணும் கேட்பார்கள். மதுரையில் இருக்கும் பாட்டி, வாரம் தவறாமல் வாட்ஸாப்பில் கூப்பிடும் சித்தப்பா, கூடவே வளர்ந்த அத்தை மகள் போன்றவர்கள் வெளிநாட்டுத் தொடர்பு என்ற பகுதியில் வருவார்கள். எங்கள் பையன் பட்டியல் போட்டபோது அந்தப் பகுதியில் மட்டும் 11 பேர். பாட்டி பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. "ஆடிப்பெருக்கு முடிஞ்சு நாலாம் நாள்" என்று பாட்டியே போனில் சொன்னாள், வருடம் மட்டும் வரவில்லை. படிவத்தில் 'உத்தேசம்' என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

தாத்தா பேரன் பெயரில் போட்டு வைத்த டெபாசிட், ஊரில் அவன் பெயரில் இருக்கும் மனை, என்ஆர்ஐ கணக்கு, இவற்றைப் பெற்றோரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைக்கே தெரியாமல் இருக்கும். ஓசிஐ கார்டு இந்தியச் சட்டப்படி குடியுரிமை இல்லை. ஆனாலும் அதை மறைக்காமல், எந்தக் கேள்வியின் கீழ் எழுதுவது என்று ரெக்ரூட்டர் மூலம் பாதுகாப்புப் பிரிவில் கேட்டு எழுதுங்கள். கஞ்சா உங்கள் மாநிலத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் மத்தியச் சட்டத்தில் குற்றம்தான். அந்தக் கேள்விக்கும் உண்மையான பதில்தான் எழுத வேண்டும். வேகமாக ஓட்டி வாங்கிய அபராதச் சீட்டுகளையும் ரெக்ரூட்டர் கேட்பார். ரசீதோடு வையுங்கள்.

ரெக்ரூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பட்டியலை ஒரு விரிதாளில் தொடங்கிவிடுவது நல்லது. எங்களுக்கு இதுவே 3 வாரம் பிடித்தது.

கட்டுரை, சிபாரிசுக் கடிதம், போர்டு

"ஏன் ஆபீசர் ஆக விரும்புகிறீர்கள்" என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்பார்கள். அவன் எழுதிய முதல் வடிவில் நாடு, கடமை, தியாகம் எல்லாம் இருந்தது. அவன் மட்டும் அதில் இல்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போனபோது 60 குழந்தைகளை மேடைக்குப் பின்னால் நீ எப்படிச் சமாளித்தாய், அதை எழுது என்றேன். அதை எழுதினான். அடுத்த ரெக்ரூட்டர் படித்துவிட்டு, இதில் ஒரு சொல்லையும் மாற்றாதே என்றார். தமிழ் பேச, படிக்க, எழுதத் தெரியும் என்பதையும் விண்ணப்பத்தில் சேருங்கள். வீட்டு மொழி என்று நாம் சாதாரணமாக நினைப்பது அவர்களுக்கு ஒரு தகுதி.

சிபாரிசுக் கடிதம் பெரிய பதவியில் இருக்கும் குடும்ப நண்பரிடம் வாங்குவதை விட, பிள்ளையின் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் வாங்குவது நல்லது. பேராசிரியர், வேலை பார்த்த கடையின் மேலாளர், பயிற்சியாளர். அவர்களுக்கு ஒரு மாதம் நேரம் கொடுங்கள்.

சில படைகளில் நேரில் போர்டு இருக்கும். தரைப்படையில் உள்ளூர் பட்டாலியனில் ஆபீசர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ரெக்ரூட்டரிடம் ஒரு மாதிரி நேர்காணல் நடத்தச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார். முடிந்தால் பணியில் இருக்கும் ஓர் ஆபீசரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சார்ஜென்ட்டுக்குப் படை நன்றாகத் தெரியும். ஆனால் லெப்டினன்ட்டின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை லெப்டினன்ட் சொல்லிக் கேட்க வேண்டும்.

காத்திருக்கும் மாதங்கள்

10 நாளுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு எழுதுங்கள். "என்ன ஆச்சு" என்று எழுதினால் பதில் வராது. "மெடிக்கல் வேவர் எந்த மேஜையில் இருக்கிறது, நான் இன்னும் ஏதாவது தர வேண்டுமா" என்று எழுதினால் வரும். 3 வாரம் பதிலே இல்லையென்றால் அவருடைய மேலதிகாரியிடம் மரியாதையாகக் கேட்கலாம். அதில் தப்பில்லை.

அந்த நேரத்தில் உடம்பைத் தயார் செய்யட்டும். சைவம் சாப்பிடுகிற பிள்ளைகள் பயிற்சியில் எப்படிச் சமாளிப்பார்கள் என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். களத்தில் தரும் எம்ஆர்ஈ உணவுப் பொட்டலங்களில் 24 வகையில் 4 சைவம்.

கையெழுத்து

ஒப்பந்தப் படிவத்தின் பெயர் டிடி ஃபார்ம் 4. இந்தப் படிவத்திலும் இதன் இணைப்புகளிலும் எழுதப்பட்டவை மட்டுமே அரசு தரும் வாக்குறுதி, வேறு யார் எதைச் சொல்லியிருந்தாலும் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்தப் பத்தியை விரலை வைத்துப் படியுங்கள். பிறகு இணைப்புகளைத் திருப்பி, ஆபீசர் பயிற்சி என்ற சொல் இருக்கிறதா, எந்தத் திட்டம், எத்தனை வருடம், போனஸோ கடன் உதவியோ பேசியிருந்தால் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத எதையும் "அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று விட வேண்டாம். படிக்க ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடற்படை, விமானப்படை ஆபீசர் விண்ணப்பதாரர்கள் பொதுவாக மெப்ஸுக்கு மெடிக்கலுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புவார்கள். ஒப்பந்தம் தேர்வான பிறகுதான். அதனால் மெடிக்கல் நாளிலேயே யாராவது உறுதிமொழி எடுக்க வரிசையில் நிற்கச் சொன்னால், நகர்ந்து போய் ரெக்ரூட்டருக்குப் போன் செய்து கேளுங்கள். அன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் சிப்பாயாகச் சேர வந்தவர்கள், ஆள் மாறிப்போவது நடக்கும். ஒருவேளை தெரியாமல் சிப்பாயாகச் சேர்ந்து, புறப்படும் தேதிக்குக் காத்திருக்கும் டெப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால் பதற வேண்டாம். பயிற்சிக்குப் புறப்படும் முன் எழுத்து மூலம் கேட்டு விலகிக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கும் புறப்படும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடலாம். அதற்குள் ஒரு காயம், ஒரு டிராஃபிக் டிக்கெட், புது டாட்டூ, ஊருக்கு ஒரு பயணம் என எது நடந்தாலும் ரெக்ரூட்டருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பையன் புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது கூடைப்பந்து ஆடி கணுக்காலைப் பிசகிக்கொண்டான். சொன்னால் தேதி போய்விடுமோ என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தான். காலையில் எக்ஸ்ரேயோடு ரெக்ரூட்டருக்கு எழுதினான். அடுத்த வகுப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கால் முழுதாக ஆறிய பிறகு நியூபோர்ட்டுக்கு விமானம் ஏறினான்.